மதுரையில் இன்று என்ன நடக்கிறது என்று யாரிடம் கேட்பது?

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். வேலூரிலிருந்து பணிமாற்றலில் மதுரைக்கு வந்து நான்கு மாதம் ஆகிறது. வீடு அனுப்பானடிப் பக்கம். கூடவே வயதான அம்மா, பள்ளிக்குப் போகும் மகள். "கைபேசியில் டெல்லிச் செய்தி நிமிடத்துக்கு ஒன்று வருகிறது. நாளைக்கு எங்கள் தெருவில் கரண்ட் இருக்காது என்பது மட்டும் தெரிவதில்லை. சாமி ஊர்வலத்தில் மாட்டிக்கொண்டு ஒருமுறை ரயிலைத் தவறவிட்டோம். மூன்றாவது வீட்டுப் பெரியவர் இறந்தது இரண்டு நாள் கழித்துத்தான் தெரிந்தது. எந்தப் பத்திரிகை, எந்த ஆப், எந்தக் குழு? ஒன்றே ஒன்றைச் சொல்லுங்கள்" என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஒன்றே ஒன்றைச் சொல்ல எனக்கு வழியில்லை. இருபத்து நான்கு வருடம் இந்த ஊரில் ஒரு தமிழ் நாளிதழுக்கு நகர நிருபராக இருந்தேன். காலையில் பெரியாஸ்பத்திரி, பத்து மணிக்குக் கலெக்டர் ஆபீஸ், மதியம் மாநகராட்சி, சாயங்காலம் ஏதாவது ஒரு காவல் நிலையம் என்று தினமும் ஒரே சுற்று. அத்தனை வருடத்தில் நான் கற்றுக்கொண்டது இதுதான்: ஒரு செய்தியை வைத்து யார் பிழைக்கிறாரோ, அவருக்குத்தான் அது முதலில் தெரியும். முகூர்த்த நாள் பூக்காரருக்குத் தெரியும். ரோட்டை எங்கே அடைத்திருக்கிறார்கள் என்பது ஆட்டோக்காரருக்குத் தெரியும். குழாயில் எத்தனை மணிக்குத் தண்ணீர் வரும் என்பது தண்ணீர் திறந்துவிடுகிறவருக்குத் தெரியும். நிருபர்களான நாங்கள் இவர்களைத்தான் தேடிப் போவோம். அந்த வேலையை நீங்களும் செய்யலாம். உங்கள் தேவைக்கு ஒரு தெருவும் நாலு கடையும் போதும்.

கரண்டிலிருந்து தொடங்குகிறேன், அது ஐந்து நிமிட வேலை. பராமரிப்புக்காக நிறுத்தும் மின்சாரத்துக்கு முந்தின நாளே அறிவிப்பு வந்துவிடும், பத்திரிகைகளில் "நாளைய மின்தடை" என்று சின்ன எழுத்தில் போடுவார்கள். புதிதாக வந்தவர்கள் அதில் தங்கள் தெருப் பெயரைத் தேடுகிறார்கள். தெருப் பெயர் பெரும்பாலும் இருக்காது. பட்டியல் துணை மின்நிலையத்தின் பெயரில்தான் வரும், அதன்கீழ் பத்துப் பதினைந்து பகுதிகளின் பெயரை அடுக்கி, "அதனைச் சுற்றியுள்ள பகுதிகள்" என்று முடித்துவிடுவார்கள். அந்தச் சுற்றியுள்ள பகுதியில்தான் நீங்கள் இருக்கிறீர்கள். எனவே உங்கள் வீட்டுக்கு எந்தத் துணை மின்நிலையத்திலிருந்து மின்சாரம் வருகிறது என்று முதலில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். மின் இணைப்பு எண்ணில் முதல் இரண்டு இலக்கம் மண்டலம், மதுரைக்கு 05. அடுத்த மூன்று இலக்கம் உங்கள் பிரிவு அலுவலகம். அந்தப் பிரிவு அலுவலகத்துக்கு ஒருநாள் நேரில் போய்க் கேட்டால் துணை மின்நிலையத்தின் பெயரைச் சொல்லிவிடுவார்கள். திடீரென்று போன கரண்டுக்கு மின்னகம் எண் இருக்கிறது, 94987 94987. 2021 ஜூனில் தொடங்கினார்கள், தமிழ்நாடு முழுவதற்கும் ஒரே எண். ஆனால் "எப்போ வரும்?" என்பதற்கு நம்பகமான பதில் தெருமுனையில் ஏணியோடு நிற்கும் லைன்மேனிடம்தான் கிடைக்கும். அவர் மேலே ஏறியிருக்கும்போது கேட்காதீர்கள். இறங்கி வந்ததும் ஒரு செம்பு தண்ணீர் கொடுத்துவிட்டுக் கேளுங்கள்.

பத்திரிகை பற்றி. எந்தப் பத்திரிகை வாங்கினாலும் மதுரைப் பதிப்பாக இருக்க வேண்டும் என்பது மட்டுமே என் நிபந்தனை. கைபேசியில் படிப்பவர்கள் இதில்தான் ஏமாந்துபோகிறார்கள். ஆப்பைத் திறந்ததும் வருவது மாநிலச் செய்தி, அதில் மதுரை என்ற பெயர் கொலையோ அரசியலோ நடந்தால்தான் வரும். மின்னிதழில் ஊரைத் தேர்ந்தெடுக்கும் இடம் இருக்கும். அங்கே மதுரையைத் தேர்ந்தெடுத்து, உள்ளூர்ப் பக்கங்களுக்குப் போங்கள். தினத்தந்தி 1942-இல் பிறந்ததே மதுரையில்தான். ஊருக்கு ஊர் பக்கம் மாறும் பத்திரிகைப் பழக்கத்தைப் பழகிய வாசகர்கள் இங்கே அதிகம். வெளியூருக்குப் போகும் பிரதிகள் முதலில் அச்சேறும், நகரத்துக்குரியது கடைசியில். இரவு நடந்தது காலையில் உங்கள் வாசலுக்கு வருவது அதனால்தான்.

அந்தப் பக்கத்தில் பெரிய தலைப்பை அவசரமில்லாமல் படிக்கலாம். முதலில் ஒற்றைப் பத்திச் செய்திகளைப் படியுங்கள். "போக்குவரத்து மாற்றம்", "குடிநீர் நிறுத்தம்", "இன்றைய நிகழ்ச்சிகள்", அப்புறம் அணை நீர்மட்டம். நாங்கள் இவற்றைக் கடைசி நேரத்தில், இடம் இருந்தால் போடுவோம், இல்லாவிட்டால் வெட்டுவோம். ஒருமுறை ஒரு குடிநீர் நிறுத்த அறிவிப்பு இப்படி வெட்டுப்பட்டது. மறுநாள் ஒரு பெண் காலிக் குடத்தோடு அலுவலக வாசலுக்கே வந்து, "நீங்க போடாததால நாங்க பிடிச்சு வைக்கலண்ணே" என்றார். அன்றிலிருந்து என் பக்கத்தில் அந்த நாலு வரியை நான் வெட்ட விட்டதில்லை.

இனி நாட்காட்டிக்கு வருகிறேன். நீங்கள் ரயிலைத் தவறவிட்டதற்குக் காரணம் செய்தி கிடைக்காதது அல்ல. அந்த ஊர்வலம் ஒவ்வொரு வருடமும் நடப்பது. எதிர்பாராமல் நடப்பவற்றைவிட, வருடா வருடம் அதே நாளில் நடப்பவைதான் மதுரையில் அதிகம். ஊரின் நடுவில் நிற்கும் கோயிலைச் சுற்றி ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி என்று வீதிகள், அதற்கும் வெளியே வெளி வீதிகள். தெருவுக்கே மாதத்தின் பெயர். அதை நம்பி சித்திரைத் தேரைப் பார்க்கச் சித்திரை வீதியில் போய் நின்றுவிடாதீர்கள், பெரிய தேர் ஓடுவது மாசி வீதிகளில். வெளியூர் நண்பர்கள் பலர் இப்படி நின்று ஏமாந்திருக்கிறார்கள்.

கோயிலில் மாதத்துக்கு ஒன்று உண்டு. வைகாசியில் வசந்த உற்சவம், ஆனியில் ஊஞ்சல், ஆடியில் முளைக்கொட்டு, ஆவணியில் பிட்டுக்கு மண் சுமந்த லீலை, புரட்டாசியில் கொலு, ஐப்பசியில் கோலாட்டம், கார்த்திகையில் தீபம், தையில் தெப்பம். எல்லாவற்றுக்கும் ரோடு அடைபடாது. சில கோயிலுக்குள்ளேயே முடிந்துவிடும். ஆவணியில் பிட்டுத் திருவிழாவுக்குச் சாமி புட்டுத்தோப்புக்குப் போகும்போது ஆரப்பாளையம் பக்கம் போக நினைத்தால் யோசித்துப் போக வேண்டும். சித்திரையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். கொடியேற்றத்திலிருந்து எட்டாம் நாள் மீனாட்சிக்குப் பட்டாபிஷேகம், ஒன்பதாம் நாள் திக்விஜயம், பத்தாம் நாள் திருக்கல்யாணம், மறுநாள் தேர். பௌர்ணமியன்று அழகர் ஆற்றில் இறங்குவார். அந்தச் சில நாட்களில் ஊரின் வரைபடமே வேறு. அழகர்கோவிலிலிருந்து அழகர் வரும் வழியில் மூன்றுமாவடி, புதூர், தல்லாகுளம் என்று மண்டகப்படி மண்டகப்படியாக நிற்பார். அந்தப் பக்கம் காலை எட்டு மணிக்கு ஒரு நேர்காணல் என்று யாராவது சொன்னால் நாளை மாற்றிக் கேளுங்கள், மதுரைக்காரர் யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். இறங்கின மறுநாளும் அவர் ஊருக்குள்தான் இருப்பார். வண்டியூர், தேனூர் மண்டபம், ராமராயர் மண்டபத்தில் விடிய விடியத் தசாவதாரம், பிறகு பூப்பல்லக்கு என்று அவர் மலைக்குத் திரும்பும்வரை ஊருக்குத் தூக்கம் கிடையாது.

நீங்கள் இருக்கும் இடத்தை வைத்துத் தனியாக மூன்று நாள் சொல்கிறேன், குறித்துக்கொள்ளுங்கள். முதலாவது தைத் தெப்பம். மாரியம்மன் தெப்பக்குளம் உங்கள் வீட்டுக்குக் கூப்பிடு தூரம். திருமலை நாயக்கர் 1645-இல் வெட்டியது. அன்று காலையிலும் இரவிலும் காமராஜர் சாலையிலிருந்து குளம் வரை மனிதத் தலைதான் தெரியும். வண்டியை எடுக்காமல் அம்மாவை மெல்ல நடத்திக் கூட்டிப் போங்கள். இரண்டாவது பொங்கல் நாள். தை முதல் நாள் அவனியாபுரம் ஜல்லிக்கட்டு, இரண்டாம் நாள் பாலமேடு, மூன்றாம் நாள் அலங்காநல்லூர். பின்னிரண்டும் உங்களுக்குத் தூரம். அவனியாபுரம் அப்படியில்லை, விமான நிலையத்துக்குப் போகும் பாதையிலேயே இருக்கிறது. பொங்கலுக்கு உறவினர் யாரையாவது விமானத்தில் ஏற்றிவிடுவதாக இருந்தால் போக்குவரத்துக் காவல் துறையின் மாற்றுப்பாதை அறிவிப்பை முந்தின நாளே பாருங்கள். மூன்றாவது நாளைக் கடைசியில் சொல்கிறேன். நீங்கள் ரயிலைத் தவறவிட்டது அன்றைக்குத்தான் என்று நினைக்கிறேன்.

இவற்றுக்கெல்லாம் எந்த ஆப்பும் தேவையில்லை. சுவரில் தினம் ஒரு தாள் கிழிக்கும் காலண்டர் போதும். அதில் வளர்பிறை முகூர்த்தம், பௌர்ணமி, பிரதோஷம், கிருத்திகை எல்லாம் இருக்கும். முகூர்த்த நாள் என்று போட்டிருந்தால் மண்டபங்கள் இருக்கும் ரோடு எல்லாம் காலை ஏழிலிருந்து பத்து வரை திணறும், டவுன் பஸ்ஸில் பட்டுப்புடவைக் கூட்டம் இருக்கும், பூ விலை ஏறியிருக்கும். என் பேத்திக்குப் பள்ளி வேன் எந்த நாளில் தாமதமாக வரும் என்பதைக் காலண்டரைப் பார்த்தே சொல்லிவிடுவேன்.

பூ விலை என்று சொன்னேன். மதுரையில் ஒருநாளின் நாடியை ஒரே எண்ணில் பிடித்துப் பார்க்க வேண்டுமென்றால் மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டில் மல்லியின் விலைதான் அது. மதுரை மல்லிக்குப் புவிசார் குறியீடு 2013-இல் கிடைத்தது. அந்தப் பூவை நம்பித் தோட்டக்காரர், பறிக்கும் பெண்கள், கமிஷன் கடை, கட்டும் அக்காமார், முழம் போட்டு விற்பவர் என்று ஒரு நீண்ட வரிசையே பிழைக்கிறது. சாதாரண நாளில் கிலோ சில நூறு ரூபாய்க்குப் போகும் பூ, மார்கழிப் பனியில் மொட்டு கருகி வரத்துக் குறைந்தால் ஆயிரங்களுக்கு ஏறிவிடும். அதனால் உங்கள் தெருமுனையில் பூக்கட்டும் அக்காவிடம் ஒரு முழம் வாங்கும்போது "என்னக்கா, இன்னைக்கு விலை?" என்று கேளுங்கள். "நாளைக்கு முகூர்த்தம்ணே, இன்னைக்கே வாங்கிக்கங்க" என்பார். அல்லது "அந்தப் பக்கம் நல்ல மழையாம், பூவே வரல" என்பார். கல்யாணமும் வானிலையும் கிராமத்து நிலவரமும் அந்த ஒரு பதிலில் வந்துவிடும். காய்கறிக்கு உழவர் சந்தை. தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தை 1999 நவம்பர் 14 அன்று தொடங்கியது இதே ஊரில், அண்ணா நகரில்தான். காலையில் அங்கே பலகையில் எழுதும் விலையைப் பார்த்துவிட்டு வந்தால் உங்கள் தெருத் தள்ளுவண்டிக்காரரிடம் பேரம் பேசும் தேவையே வராது.

மூன்றாவது வீட்டுப் பெரியவர் இறந்தது தெரியவில்லை என்று எழுதியிருந்தீர்கள். அந்த வரியில்தான் நான் வெகுநேரம் நின்றேன். எனக்கும் அப்படி ஒன்று நடந்திருக்கிறது. ஊரெல்லாம் ஓடிச் செய்தி சேகரித்த காலத்தில், எங்கள் சந்தில் குடியிருந்த தையல்காரர் ஒருவர் தவறிவிட்டார். நான் இரவு இரண்டு மணிக்கு வீட்டுக்கு வந்து, காலையில் ஏழு மணிக்குக் கிளம்பிவிடுகிற ஆள். மறுநாள் சிம்மக்கல்லில் டீ குடித்துக்கொண்டிருக்கும்போது எதிர்ச்சுவரில் அவருடைய படம் போட்ட கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி. என் மகளுக்குப் பள்ளிச் சீருடை தைத்துக் கொடுத்தவர். தத்தனேரிக்கு அவரைக் கொண்டுபோனபோது நான் ஒரு அமைச்சரின் பேட்டியில் உட்கார்ந்திருந்தேன். அந்தப் பேட்டியில் அவர் என்ன சொன்னார் என்று இன்றைக்கு ஒரு வார்த்தை ஞாபகமில்லை.

மதுரையின் சுவர்களைப் படிக்கப் பழகுங்கள் என்று நான் சொல்வது அதனால்தான். வெளியூர்க்காரர்களுக்கு இந்தச் சுவரொட்டிகள் ஆரவாரமாகத் தெரியும். காதணி விழா, பூப்புனித நீராட்டு விழா, புதுமனை புகுவிழா, திருமணம், கண்ணீர் அஞ்சலி, பதினாறாம் நாள் காரியம் என்று ஒரு குடும்பத்தின் வாழ்க்கை முழுவதும் சுவரில் ஏறிவிடும் ஊர் இது. முகங்களைப் பார்த்துவிட்டு நகராமல் கீழே இருக்கும் சின்ன எழுத்தைப் படியுங்கள். எந்தத் தெரு, எந்த மண்டபம், எத்தனை மணி என்று இருக்கும். "இவண்" என்று போட்டு வரும் பெயர்களில் யார் யாருக்கு மாமன், மச்சான், பங்காளி என்பது தெரியும். மளிகைக் கடைக்காரரும் ஆட்டோ ஸ்டாண்டில் இருப்பவரும் உறவு என்பதை நான் ஒரு காதணி விழாச் சுவரொட்டியில்தான் தெரிந்துகொண்டேன். அரசியல் சுவரொட்டியும் அப்படியே. யாருடைய படம் பெரிதாகியிருக்கிறது, யாருடையது காணாமல் போயிருக்கிறது என்பதைப் பார்த்தே உள்ளூர்க் கட்சி நிலவரத்தை எழுதிய நிருபர்கள் உண்டு. அவர்கள் எழுதியது பெரும்பாலும் சரியாகவே இருக்கும்.

சாவுச் செய்திக்குச் சுவரொட்டி வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். தெருமுனை டீக்கடை மாஸ்டருக்கும் சலூன்காரருக்கும் முதலில் தெரிந்துவிடும். துக்க வீட்டுக்குத் தூக்குவாளியில் டீ அங்கிருந்துதான் போகும். வாரத்தில் நாலு நாள் அதே கடையில், அதே நேரத்தில் நின்று டீ குடியுங்கள். முதல் மாதம் யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள். இரண்டாம் மாதம் "சார் எங்க வேலை பாக்குறீங்க?" என்பார்கள். அதற்கப்புறம் நீங்கள் கேட்காமலேயே சொல்வார்கள். வேலூரில் எப்படியோ தெரியாது, இங்கே ஒருவருக்குச் செய்தி சொல்வது அவரை நம் தெருக்காரராக ஏற்றுக்கொண்டதன் அடையாளம்.

வாட்ஸ்அப் குழுக்களையும் கேட்டிருந்தீர்கள். தெருக் குழுவில் சேருங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. தண்ணீர் வந்துவிட்டதா, நாய்க்குட்டி காணவில்லை, ரத்தம் தேவை போன்றவற்றுக்கு அதைவிட வேகமான வழி கிடையாது. ஆனால் ஆற்றில் வெள்ளம், அணை உடைந்தது போன்ற செய்தி வந்தால் கையைக் கட்டிக்கொண்டு ஒரு எண்ணை மட்டும் பாருங்கள். வைகை அணையின் மொத்த உயரம் 71 அடி. 66 அடிக்கு வந்தால் முதல் வெள்ள அபாய எச்சரிக்கை, 68.5 அடிக்கு இரண்டாவது, 69 அடிக்கு மூன்றாவது. மூன்றாவது விட்டதும் வருகிற தண்ணீரை ஆற்றில் திறக்கத் தயாராவார்கள். தேனி, திண்டுக்கல், மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம் என்று ஐந்து மாவட்டக் கரையோரத்துக்கும் அறிவிப்புப் போகும். அணையில் 58 அடி இருக்கும்போது "யானைக்கல் பாலத்தை வெள்ளம் மூழ்கடித்தது" என்று ஒரு வீடியோ வந்தால், அது பெரும்பாலும் வேறு வருடத்தது அல்லது வேறு ஆற்றினது. ஊருக்குள் பெய்த மழையில் செல்லூர் போன்ற இடங்களில் தண்ணீர் புகுவது வேறு கணக்கு. அதற்குக் கண்மாயும் அதன் வாய்க்காலும் காரணம், அணைக்குச் சம்பந்தமில்லை. பெரியாறு அணையில் 142 அடி வரை தேக்கலாம் என்பது 2014-இன் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. அந்தத் தண்ணீர்தான் மலையைக் குடைந்து இந்தப் பக்கம் இறங்கி வைகை அணைக்கு வருகிறது. என் அப்பா பத்திரிகையைப் பிரித்ததும் இந்த இரண்டு அணையின் மட்டத்தைப் பார்த்துவிட்டுத்தான் தலைப்புச் செய்திக்கு வருவார். எங்களுக்கு வயல் எதுவும் கிடையாது. நாம் குடிக்கும் தண்ணீர் எங்கே நிற்கிறது என்று தெரிந்துகொள்ளாமல் காபி குடிக்க அவருக்கு மனம் வராது.

உள்ளூர்ச் செய்தி என்றால் தண்ணீரும் ஊர்வலமும் மட்டும்தானா என்று நீங்கள் கேட்கலாம். அதற்கு ஒன்றைச் சொல்ல வேண்டும். மேலூர்ப் பக்கம் அரிட்டாபட்டி என்று ஒரு ஊர். குடைவரைக் கோயில், சமணப் படுக்கை, மலைச் சுனை எல்லாம் இருக்கும். தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் மரபுத் தலமாக 2022 நவம்பரில் அறிவித்தார்கள். இரண்டே வருடத்தில், 2024 நவம்பர் 7 அன்று, அதையும் சுற்று ஊர்களையும் சேர்த்து டங்ஸ்டன் சுரங்கத்துக்கான ஏல முடிவு டெல்லியில் வெளியானது. ஆங்கிலத்தில் வந்த ஓர் அறிவிப்பு. தங்கள் நிலத்தின் பெயர் அதில் இருப்பதை ஊர்க்காரர்கள் ஏலம் முடிந்த பிறகுதான் தெரிந்துகொண்டார்கள். அதற்குப் பின் அவர்கள் செயல்பட்ட வேகத்தை நான் ஆயுளுக்கும் மறக்க மாட்டேன். ஊர் ஊராக மந்தையில், அதாவது ஊர்ப் பொதுத்திடலில், கூடினார்கள், கிராம சபையில் தீர்மானம் போட்டார்கள், மேலூரில் கடை அடைத்தார்கள். டிசம்பர் 9 அன்று சட்டமன்றத்தில் தீர்மானம் நிறைவேறியது. 2025 ஜனவரி 7 அன்று நரசிங்கம்பட்டியிலிருந்து தல்லாகுளம் நோக்கிப் பெரும் கூட்டம் நடந்தே வந்தது. ஜனவரி 23 அன்று ஏலத்தை ரத்து செய்வதாக மத்திய அரசு அறிவித்தது.

இந்தச் செய்தியின் பெரும்பகுதி மந்தையிலும் சாவடியிலும்தான் ஓடியது. யார் வீட்டில் எத்தனை பேர், எந்த ஊருக்கு யார் போய்ச் சொல்வது என்பது அங்கே ஏற்கெனவே தெரியும். நகரத்தில் நமக்கு மந்தை இல்லை. அதற்கு ஈடாக ஒன்று சட்டப்படி இருக்கிறது, யாரும் பயன்படுத்துவதில்லை. மதுரை மாநகராட்சியில் 100 வார்டு, ஒவ்வொரு வார்டையும் பகுதிகளாகப் பிரித்துப் பகுதி சபை என்று ஒன்று உண்டு. 2022 நவம்பர் 1 அன்று முதன்முதலாகக் கூட்டினார்கள். நான் போன ஒரு கூட்டத்தில் மேடையில் இருந்தவர்களைவிட நாற்காலியில் இருந்தவர்கள் குறைவு. ஆனால் எந்தத் தெருவைத் தோண்டப் போகிறார்கள், எந்த மாதம் மூடுவார்கள் என்பதை அன்று அதிகாரியின் வாயாலேயே கேட்டேன். பத்திரிகையில் அது வரவே இல்லை. உங்கள் வார்டு எண்ணையும் கவுன்சிலர் அலுவலகம் இருக்கும் இடத்தையும் இந்த வாரமே தெரிந்துகொள்ளுங்கள். அடுத்த பகுதி சபை எப்போது என்று அங்கே கேளுங்கள். நாலு பேர் திரும்பத் திரும்பக் கேட்டால்தான் கூட்டுவார்கள். அங்கும் தீராததற்குத் திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் நாள் இருக்கிறது. மனு கொடுத்தால் ரசீதை வாங்காமல் திரும்பாதீர்கள்.

அம்மாவைப் பற்றி ஒரு வார்த்தை. நீங்களும் மகளும் போன பிறகு பகல் முழுக்க அவர் டிவியோடு இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். உங்கள் மூவரில் இந்த ஊரைச் சீக்கிரம் பிடித்துக்கொள்ளப் போகிறவர் அவர்தான். சாயங்காலம் ஐந்து மணிக்குத் தெப்பக்குளத்துச் சுவரோரம் கொண்டுபோய் உட்கார வையுங்கள். நான் சிறுவனாக இருந்தபோது அந்தக் குளம் வறண்டு கிடக்கும், உள்ளே பையன்கள் கிரிக்கெட் ஆடுவார்கள். இப்போது வைகையிலிருந்து பனையூர் வாய்க்கால் வழியாகத் தண்ணீர் விட்டு நிரப்பியிருக்கிறார்கள், காற்று குளிர்ந்து வரும். அங்கே வரும் அம்மாக்களிடம் இல்லாத செய்தி இந்த நகரத்தில் கிடையாது. வேலூர் என்று சொன்னதும் "எந்தப் பக்கம்மா?" என்று ஆரம்பித்துவிடுவார்கள். மகளுக்குப் புது நத்தம் ரோட்டில் கலைஞர் நூற்றாண்டு நூலகம், 2023 ஜூலையில் திறந்தது. குழந்தைகளுக்கென்று தனிப்பகுதியே உண்டு. ஞாயிறுகளில் மலைகளுக்கும் சமணக் குகைகளுக்கும் கூட்டிப்போகும் பசுமை நடையோடு ஒருமுறை போய்வாருங்கள். யானைமலை என்பது பஸ் ஜன்னலில் தெரியும் பாறை மட்டும் இல்லை என்று அவளுக்குத் தெரியட்டும்.

கடைசியாகச் சொல்கிறேன் என்ற அந்த மூன்றாவது நாள் அஷ்டமி சப்பரம். மார்கழித் தேய்பிறை அஷ்டமி. எல்லா உயிருக்கும் படியளந்த திருவிளையாடல் அது. விடிகாலையிலேயே சுவாமியும் அம்மனும் தனித்தனிச் சப்பரத்தில் கோயிலிலிருந்து கிளம்பி வெளி வீதிகளைச் சுற்றி வருவார்கள். அம்மன் சப்பரத்தைப் பெண்களே இழுப்பார்கள். ரயில் நிலையத்துக்குப் போகிறவர்கள் வெளி வீதியில் மாட்டிக்கொள்வது அன்றைக்குத்தான். அடுத்த முறை தேதியைக் காலண்டரில் வட்டமிட்டு வைத்து, அன்று ரயில் எதற்கும் முன்பதிவு செய்யாமல், மூன்று பேருமாகக் காலையிலேயே தெற்கு வெளி வீதிக்கு வந்துவிடுங்கள். சப்பரம் போகும் வழியெங்கும் அரிசியைத் தூவிக்கொண்டே போவார்கள். அதில் கொஞ்சம் பொறுக்கி வந்து வீட்டு அரிசிப் பானையில் போட்டு வைப்பது இங்கே வழக்கம். அம்மாவால் குனிய முடியாவிட்டால் பக்கத்தில் நிற்கும் யாராவது ஒரு பிடி எடுத்து அவர் முந்தானையில் போடுவார்கள்.